தானாகவே செய்கிறார்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இருபத்தாறு வயதில் இன்னும் மோசம். சமூகப் பணியில் பட்டம், தோளில் ஒரு ஜோல்னாப் பை, பைக்குள் கிளிப் வைத்த அட்டை, அந்த அட்டையில் நாலு பக்க ஃபாரம். மரக்காணத்துக்கும் கீழ்புத்துப்பட்டுக்கும் நடுவே ஈசிஆரை ஒட்டி, மனநோய் வந்த பெண்களுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்திவந்த ஒரு இல்லத்தில் எனக்கு வேலை. 2004இல் சேர்ந்தேன், 2006 முடியும்போது விட்டேன். பெரிய முதலியார்சாவடியில் வீடு, தினமும் பஸ். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும் பெண்களிடம் என் அம்மா, "எம்பொண்ணு பைத்தியங்களுக்கு டீச்சர்" என்று பெருமையாகச் சொல்வார். கோயில் வாசலிலேயே சண்டைக்குப் போவேன். அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்றால், "அப்ப என்னான்னு சொல்றது?" என்பார். 

இல்லத்திலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. மார்க் மட்டும் போட்டேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு அந்தக் கரை முழுக்க ஜீப்புகளும் ஃபாரங்களுமாக அலைந்த வருஷம் அது. எங்கள் ஃபாரம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் வரும் மனநல டாக்டர் கொண்டுவந்தது. ஒரு பெண் வெளியே போய்த் தனியாக வாழ்வாளா, நாலு பேரோடு பழகுவாளா என்று கண்டுபிடிக்க நாற்பது கேள்விகள். பல் துலக்குகிறாரா. சோறு வடிக்கிறாரா. தனியாக பஸ் ஏறுகிறாரா. பிறர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா. ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டங்கள். 'தானாகவே செய்கிறார்' என்றால் மூன்று. 'நினைவூட்டினால் செய்கிறார்' என்றால் இரண்டு. 'உதவியோடு செய்கிறார்' என்றால் ஒன்று. 'செய்வதில்லை' என்றால் பூஜ்யம்.

அந்த ஃபாரத்தை நான் வெறுத்தேன் என்று இப்போது எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அதன்மேல் எனக்கு உயிர். அது வரும்வரை யார் வீட்டுக்குப் போகலாம் என்பதைச் சொந்தக்காரர்களின் மனநிலைதான் தீர்மானித்தது. "இன்னும் முழிக்கிறாளே" என்று ஒரு அண்ணி சொன்னால் போதும், அந்தப் பெண் இன்னும் இரண்டு வருஷம் உள்ளேதான். கையில் மார்க் இருந்தால் நான் சண்டை போடலாம். டாக்டரிடம், சிஸ்டர்களிடம், வாசலில் நிற்கும் அண்ணன் தம்பிகளிடம். அப்படிச் சண்டை போட்டு இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியும் இருந்தேன்.

மூன்றாவதாக அந்த அக்கா.

முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உப்பளத்தில் கூடை சுமந்தவர். பிள்ளை பெற்ற சில மாதத்தில் புத்தி பிசகியது. புருஷன் சென்னைக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்காவின் தம்பிதான் அவரை இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, குழந்தையை இரும்பை கிராமத்தில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். அந்தப் பெண் குழந்தைக்கு அப்போது ஏழு வயது. மாதம் ஒருமுறை மாமாவோடு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் அக்கா பேசுவது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தாள், எந்தப் பல் விழுந்திருந்தது, எத்தனை பிஸ்கட் தின்றாள். மாத்திரையில் நோய் அடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் சமையலறையில் அறுபது பேருக்கு அவர்தான் சோறு வடிப்பார்.

நான் தம்பியோடு பேசினேன். இரும்பையில் தோட்ட வேலை பார்ப்பவர், குரல் உயர்த்தத் தெரியாதவர். "செத்துப்போன எங்கம்மா வூடு உப்பளத்துப் பக்கம் சும்மாதாங்க கெடக்குது" என்றார். "அங்க தனியா இருந்து காட்டட்டும். யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்தா பொங்கலுக்குப் புள்ளைய கொண்டாந்து விட்டுர்றேன். எனக்கு மட்டும் ஆசையா, தாயையும் புள்ளையையும் பிரிச்சு வெக்கணும்னு?"

இதை அக்காவிடம் சொன்னேன். கையிலிருந்த கரண்டியைக் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

ஆடி மாதம் ஒரு வாரம் அந்த வீட்டில் தங்கவைத்துப் பார்ப்பது என்று முடிவானது. உப்பளத்தை ஒட்டி நாற்பது வீடுகள், அதில் ஓடு போட்ட சின்ன வீடு ஒன்று. தினமும் காலையில் போய் மடியில் அட்டையோடு உட்கார்ந்துகொள்வேன். அக்கா கூட்டுவதை, துவைப்பதை, தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து டிக் போட்டேன். எல்லாம் மூன்று, மூன்று, மூன்று. முகத்தைப் பார்த்துப் பேசுவதில் மட்டும் தகராறு. யார் பேசினாலும் கண்ணைச் சுருக்கித் தரையைப் பார்ப்பார். ஒன்று போட்டேன். பிறகு அவரோடு ஒருநாள் உப்பளத்துக்குப் போனேன். வெயிலில் உப்பு கண்ணைக் குத்தியது. வரப்பில் நின்ற அத்தனை பெண்களும் கண்ணைச் சுருக்கித் தரையைப் பார்த்துத்தான் பேசினார்கள். பத்து நிமிஷத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் மார்க்கை மாற்றவில்லை. பயிற்சி கொடுத்தால் மூன்று வாங்கிவிடலாமே என்று, "ஆள் முகத்தைப் பாருங்கக்கா" என்று பாடம் நடத்தினேன். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கண்டக்டரை இமை கொட்டாமல் பார்க்க, அந்த மனிதர் பயந்து சில்லறையை எண்ணாமல் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு என்னிடம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் மற்றதை எழுதக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். அக்கா சோறு வடித்து இறக்கினார். குழம்பு வைக்கவில்லை. ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். போனவர் திரும்பி வரக் கால் மணி நேரம். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது. வரும்போது கிண்ணத்தில் சுடச்சுட மத்திக் குழம்பு, முகத்தில் ஒரு களை.

"டீச்சர், நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'சமையலுக்கு அண்டை வீட்டாரைச் சார்ந்திருக்கிறார்.' கட்டத்தில் ஒன்று.

அவர் எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். "ஏன் டீச்சர் ஒண்ணு?"

விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன், அதுதான் இப்போது தாங்கமுடியாமல் இருக்கிறது. "அந்தம்மா நாளைக்கு ஊர்ல இல்லன்னா என்ன பண்ணுவீங்க? பொண்ணு பசிக்குதுன்னு கேட்டா கிண்ணத்த எடுத்துக்கிட்டுத் தெருத் தெருவா போவீங்களா? யார்கிட்டயும் எதுவும் கேக்காம நீங்களே எல்லாம் செஞ்சாத்தான்கா மூணு. மூணு வாங்கினாத்தான் பொண்ணு."

அக்கா கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "செரி டீச்சர்" என்றார். மறுநாளிலிருந்து குழம்பு அவரே வைத்தார். அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி நமுத்துப்போன அன்றுகூட, ஒரு குச்சிக்காகப் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் அரை மணி நேரம் உரசிக்கொண்டே இருந்தார். மூன்று போட்டேன். சபாஷ் என்றுகூடச் சொன்னேன்.

அக்டோபரில் குடிபோனார். இல்லத்திலிருந்து அரிசி, பருப்பு கொடுத்தனுப்பினோம். தை பிறந்து உப்பளம் திறந்ததும் வேலைக்குப் போவதாகப் பேச்சு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை அவரே பஸ் ஏறி வந்து மாத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நவம்பரில் அப்படியே வந்தார். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, கையில் மஞ்சப் பை. நான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "வெரி குட்" என்றார் டாக்டர். அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷக் கார்த்திகை மழையை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். இல்லத்தில் சமையலறை ஒழுகியது. ஈசிஆரிலிருந்து உப்பளத்துக்குப் போகும் மண் பாதை தண்ணீருக்குள் போய்விட்டதாகச் சொன்னார்கள். டிசம்பர் முதல் திங்கட்கிழமை அக்கா வரவில்லை.

நான் போயிருக்கலாம். முழங்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான். மாத்திரை அட்டைகளை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கூட வைத்தேன். மழை ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தால் அது 'உதவியோடு' ஆகிவிடும். பொங்கலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அந்த ஃபாரத்தில் அந்த ஒரு வரி கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன். மழை விட்டதும் அவரே வருவார் என்று சிஸ்டரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். பை என் மேசை டிராயரில் பத்து நாள் கிடந்தது.

பதினோராம் நாள் காலை ஒருவர் சைக்கிளை கேட்டில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே, தான் அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், கோட்டக்குப்பத்துக்குக் கொத்து வேலைக்குப் போகிறவர் என்றார். "சீக்கிரம் வாங்கம்மா. அந்தம்மா தண்ணியில எறங்கி நிக்குது. யார் சொன்னாலும் ஏற மாட்டேங்குது."

நான் கேட்ட முதல் கேள்வி எனக்கே அசிங்கமாக இருக்கிறது. "நீங்க தினமும் இந்த வழியாதான் போறீங்களா?"

"ஆமாம்மா. இந்தக் கேட்டத் தாண்டித்தான் போறேன்."

உப்பளம் முழுக்க ஒரே ஏரியாகக் கிடந்தது. பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை. மேட்டில் பத்திருபது பேர் நின்றார்கள். இடுப்பளவு தண்ணீரில் அக்கா. தலையில் கூடை. குனிந்து கூடையில் சேற்றையும் தண்ணீரையும் அள்ளுவார், தலையில் ஏற்றுவார், முகமெல்லாம் வழிய மேடு வரை நடந்துவந்து கொட்டுவார், திரும்பிப் போவார். வேலை செய்கிறவரின் நிதானம் இருந்தது அதில். மேட்டில் தம்பி நின்றிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு என்று பிள்ளையை அம்மாவிடம் காட்டக் கூட்டிவந்திருக்கிறார். அந்தப் பிள்ளை மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை.

நான் செருப்போடு இறங்கி ஓடினேன். "அக்கா, கூடையக் குடுங்க. நான் புடிக்கறேன்."

அவர் கூடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வாணாம் டீச்சர். நானேதான் செய்யறேன். யாரும் கை வெக்கல. அதோ, அவங்களயே கேட்டுப் பாருங்க."

அங்கேயே தண்ணீரில் நின்று அழுதேன். வேலையில் அழக்கூடாது என்று படிப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். படிப்பு நாசமாய்ப் போகட்டும் என்றிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மாதான் கடைசியில் அவரைக் கரையேற்றினார். தானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி, கூடவே இரண்டு நடை சுமந்து, "போதும் வா, உப்பளத்துக் கணக்கப்புள்ள இன்னிக்கு வேலைய முடிச்சுட்டாரு" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். எங்கள் வண்டி வரும்வரை அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்குத் தலை துவட்டி வேறு புடவை கட்டிவிட்டுக்கொண்டே அந்த அம்மா சொன்னார்.

"ஆடி மாசம் வந்தப்ப கிண்ணத்த எடுத்துக்கினு வந்து நின்னுதும்மா. எனக்கு அவ்ளோ சந்தோசம். கொழம்பு கேட்டு வந்தாதான எங்க பக்கத்துல ஒறவு. அது வந்து கேட்டா நாளைக்கு நான் போயி கேப்பேன். குடி வந்ததுலேருந்து ஒரு வாட்டிகூட வரல. எங்கமேல என்னா கோவமோன்னு நானும் போவல. கேக்காத வூட்டுக்குள்ள எப்பிடிப் போறது? இந்த மழையில மனசு கேக்காம போயி, மாத்திர வாங்கப் போவலியா, எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லி வாங்கியாறச் சொல்லட்டான்னு கேட்டேன். வாணாங்க்கா, டீச்சர் மார்க்க கொறைச்சிடுவாங்க, எம்பொண்ணு வராதுன்னுச்சு. சிரிச்சிக்கினுதான் சொல்லிச்சு. என்னாமோ பரீட்ச போலருக்குதுன்னு நானும் வந்துட்டேன்."

அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. எந்த டீச்சர் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. எங்கள் வீட்டிலும் கிண்ணங்கள் போய்வந்து கொண்டுதான் இருந்தன. எதிர் வீட்டிலிருந்து ரசம் வரும், எங்கள் வீட்டிலிருந்து கருவாட்டுத் தொக்கு போகும். அம்மாவுக்கு உடம்பு முடியாத ஒரு மாதம் முழுக்க நாங்கள் அப்படித்தான் சாப்பிட்டோம். ஆனால் கையில் அட்டை இருந்தபோது எனக்கு அது எதுவும் தெரியவில்லை. நாற்பது கேள்விகளில், முடியாதபோது யாரையாவது கேட்கிறாரா என்று ஒரு கேள்வி இல்லை. இல்லாத கேள்வியை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தை மாதம் இரும்பைக்குப் போனேன். தம்பி உட்காரவைத்து டீ கொடுத்தார். "தப்பு என்னுதுங்க. அவங்க நல்லாத்தான் இருந்தாங்க, நான்தான் கெடுத்தேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"யார் தப்பா இருந்தா என்னாங்க. புள்ள ரெண்டு வாரம் ஸ்கூலுக்குப் போவல. தண்ணியப் பாத்தாலே கத்துது. இனிமே அத எப்பிடிங்க நான் அங்க விடுவேன்?"

நான் சண்டைக்காரி. அன்றைக்கு டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இல்லத்துக்குத் திரும்பிய அக்காவுக்கு ஊசியிலும் மாத்திரையிலும் இரண்டு மாதத்தில் தெளிந்துவிட்டது. நோய்தான் தெளிந்தது. தானாகச் செய்ததால்தான் எல்லாம் கெட்டது என்று அவருக்குள் எப்படியோ பதிந்துவிட்டிருந்தது. எதற்கெடுத்தாலும் வந்து நிற்பார். "டீச்சர், தண்ணி குடிக்கட்டா?" "டீச்சர், தலை சீவிக்கட்டா?" சமையலறைப் பக்கம் போகவே மாட்டேன் என்றார். "என்னைக் கேக்காதீங்கக்கா, உங்களுக்குத் தோணறதச் செய்யுங்க" என்று ஒருநாள் கெஞ்சினேன். "செய்யட்டா டீச்சர்?" என்றார். அந்த வருஷம் அவர் ஃபாரத்தை நான் நிரப்பவில்லை. சிஸ்டர் கேட்டபோது தொலைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

மே மாத லீவில் பிள்ளை வந்தாள். மாமா வரவில்லை, அத்தை கூட்டிவந்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் பிள்ளையை உள்ளே அழைத்துப் போனேன். அக்கா பெஞ்சின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார், என்னைப் பார்த்தார், நான் தலையாட்டிய பிறகுதான் தொட்டார். பிள்ளை முதலில் ஒதுங்கி நின்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, மடியில் சாய்ந்து, புது டீச்சரைப் பற்றி, மாமா வாங்கித் தந்த கலர் பென்சிலைப் பற்றி எல்லாம் சொன்னாள். அக்கா மகள் தலையை வருடிக்கொண்டே கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. கிளம்பும்போது பிள்ளை கேட்டாள்.

"அம்மா, நாம ரெண்டு பேரும் எப்ப நம்ம வூட்டுக்குப் போவோம்?"

அக்கா மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"டீச்சர கேளும்மா."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.  அக்காவும் பதிலுக்காக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம்" என்றேன்.

பிள்ளை வாசலுக்கு ஓடினாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அத்தையிடம் அவள் கத்தியது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளே கேட்டது.

"அத்தே, அம்மா சீக்கிரம் வந்துடுமாம். டீச்சரே சொல்லிட்டாங்க."